ஆயுத பூஜையன்று எரிந்த ஆர்டர்

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. அன்றைக்கு அனுசுயாவுக்கு வயது முப்பத்தொன்று. டிசைன் ரூமிலிருந்து செக்கிங் டேபிளுக்கு இறக்கப்பட்டுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பதினான்கு மாதமும் அவள் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் அந்தக் கம்பெனிக்கு வந்துபோனாள். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் மேனேஜர் சதீஷ்குமார் எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்கப்புறம் வேலை இருந்தாலும் சரி, போனாலும் சரி.

அவள் எதையும் மறக்கிறவள் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் அவளுடைய டிராயிங் நோட்டில் ஒருத்தி மையைக் கொட்டினாள். பதினோரு வருடம் கழித்து அதே தோழி கல்யாணப் பத்திரிகையோடு வீடு தேடி வந்தாள். அனுசுயா போகவில்லை. ஏன் வரவில்லை என்று போனில் கேட்டதற்கு, "மை இன்னும் காயல" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவளுடைய அம்மா மூக்கம்மாள் இந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அனுசுயாவுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருந்ததில்லை.

சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். கம்ப்யூட்டரில் டிப்ளமோ முடித்த கையோடு அம்மாவும் மகளும் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். வேலம்பாளையத்தில் லைன் வீடு. அம்மா ஒரு கம்பெனியில் பனியனுக்குப் பிசிறு வெட்டினார். மகளுக்கு முதலிபாளையத்தில் நாச்சிமுத்து என்பவரின் எக்ஸ்போர்ட் கம்பெனியில், டிசைன் ரூமில் வேலை கிடைத்தது. பனியனில் படம் எங்கே வர வேண்டும், என்ன அளவில் வர வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து வைக்கிற வேலை.

நாச்சிமுத்து தன் அம்மா ராமாத்தாளின் பெயரில்தான் கம்பெனியை நடத்துகிறார். அந்த அம்மாள் இறந்து பல வருடம் ஆகிறது. ஆனாலும் கம்பெனியின் ஒவ்வொரு தாளிலும் தலைப்பில் அவருடைய முகம் அச்சாகியிருக்கும். ரிசப்ஷனில் மாட்டியிருக்கும் பெரிய படத்தைத் தாண்டும்போது முதலாளி இன்றைக்கும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போவார்.

டிசைன் ரூமிலிருந்த நாலு கம்ப்யூட்டரிலும் காசு கொடுக்காத விண்டோஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. முதலாளி பதறிப்போனார். அனுசுயா, "இலவசமாவே ஒண்ணு இருக்குங்கய்யா, லினக்ஸ்னு. நான் போட்டுத் தாரேன்" என்றாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து போட்டும் முடித்தாள். முடித்த சந்தோஷத்தில் ஒரு விளையாட்டையும் சேர்த்து வைத்தாள்.

திரையில் திறந்திருக்கும் ஜன்னலை மவுஸால் பிடித்து இழுத்தால், அது விறைப்பாக நகராது. பனியன் துணியை இரண்டு முனையில் பிடித்து உதறுகிற மாதிரி நெளியும். எழுத்தெல்லாம் நீண்டு சுருங்கி, கை விட்டதும் ஒரு ஆட்டம் ஆடி, மெதுவாக அடங்கும். சின்னதாக்கும் பொத்தானை அழுத்தினால், புகை குடத்துக்குள் இறங்குகிற மாதிரி ஜன்னல் வளைந்து நெளிந்து கீழ்ப்பட்டைக்குள் போய்விடும். இதில் ஒரு கூத்தும் உண்டு. ஆடிக்கொண்டிருக்கும் ஜன்னலில் ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை செய்யாது. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பொத்தான் இருக்காது. ஜன்னல் முன்னமே தன் இடத்துக்குப் போயிருக்கும், ஆடுவது அதன் போட்டோ. மூடும்போதும் அதே கதைதான். ஜன்னல் அந்தக் கணமே போய்விடும். அதற்கப்புறம் நாம் பார்ப்பதெல்லாம் போன ஜன்னலின் நிழல்.

முதலாளிக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. சம்பந்தி வீட்டுக்காரர்கள் வந்தால்கூட டிசைன் ரூமுக்குக் கூட்டிவந்து, "ஆட்டிக் காட்டு கண்ணு" என்பார்.

அப்போதுதான் சதீஷ்குமார் வந்து சேர்ந்தான். முதலாளியின் அக்கா மகன். கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. முடித்தவன். அவன் வந்த மூன்றாவது மாதம் போலந்திலிருந்து இரண்டு பேர் கம்பெனியைப் பார்க்க வந்தார்கள். சதீஷ்குமார் மவுஸைப் பிடித்து ஜன்னலை இப்படியும் அப்படியும் உதறிக் காட்டினான். எல்லாம் தானே அமைத்தது என்று இங்கிலீஷில் சொன்னான். அவர்கள் கை தட்டினார்கள். மூலைக் கம்ப்யூட்டரிலிருந்து அனுசுயா எழுந்து நின்றாள்.

"அது நான் பண்ணுனது சார்."

சதீஷ்குமார் முதலாளியின் பக்கம் திரும்பினான். "பாருங்க மாமா, பொட்டியத் தொடைக்கட்டும்னு உள்ள உட்டா, புள்ளைக எஞ்சினியர் ஆயிருதுங்க."

முதலாளி சிரித்தார். ரூமில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். என்ன பேச்சென்றே புரியாமல் அந்தப் போலந்துக்காரர்களும் சிரித்தார்கள். மொழி தெரியாதவன் சிரித்ததுதான் அவளுக்கு மற்றதைவிட எரிந்தது.

அடுத்த வாரம், "செக்கிங்ல ஆள் பத்தலீங்க" என்று சொல்லி அவளை அங்கே அனுப்பிவிட்டான். அவளுடைய நாற்காலிக்குக் கிருத்திகா என்ற புதுப்பெண் வந்தாள். அதன்பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் ஜன்னலை ஆட்டிக் காட்டி, "நான் போட்டதுங்க" என்று சொல்வது சதீஷ்குமாருக்குக் காலைக் காப்பி மாதிரி ஆகிவிட்டது. செக்கிங் டேபிளிலிருந்து பார்த்தால் டிசைன் ரூமின் கண்ணாடி தெரியும். அனுசுயா பனியனைத் திருப்பி ஓட்டை பார்த்துக்கொண்டே அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் பிற்பகலில், அவள் காத்திருந்த கதவு தானாகத் திறந்தது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருடத்தின் பெரிய ஆர்டரைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்து, திரைக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சூடம் காட்டுவார்கள். சூடம் குளிர்ந்ததும் ஆர்டரை மூடி, கம்ப்யூட்டரை அணைத்துவிட வேண்டும். தையல் மெஷின், கட்டிங் கத்தி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஓய்வெடுக்கிற மாதிரி அதுவும் ஓய்வெடுக்கும். விஜயதசமி காலை வரை யாரும் தொடக் கூடாது. இந்த வருடம் போலந்து ஆர்டரே கைக்கு வந்திருந்தது. ஹாலில் பெரிய டிவியை மாட்டி, எல்லாரும் பார்க்கும்படி பூஜை நடத்த வேண்டும் என்பது முதலாளியின் ஆசை.

டிசைன் ரூம் ஆட்கள் மதியமே லீவுக்குக் கிளம்பிவிட்டார்கள். சதீஷ்குமார் செக்கிங் பக்கம் வந்தான்.

"அனுசுயா, அந்த மானிட்டரெல்லாம் தொடச்சுப் பொட்டு வெச்சுரு. எதையும் நோண்டாத, என்ன?"

"சரிங்க சார்" என்றாள். கூட நின்ற ஜோதிகா அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள். ஜோதிகா சாத்தூர்க்காரி, பக்கத்து டேபிள், வாய் சும்மா இருக்காது.

"ஏ, என்னடி இம்புட்டுச் சாதுவா சரிங்கிற? எனக்குப் பயமா இருக்கு."

"துணியை எடுத்துக்கிட்டுக் கூட வா."

மெயின் கம்ப்யூட்டர் திறந்தே கிடந்தது. பூட்டியிருந்தாலும் கவலையில்லை. அவள் வைத்த பாஸ்வேர்டை இன்னும் யாரும் மாற்றியிருக்கவில்லை. அனுசுயா ஈரத் துணியை ஓரமாக வைத்துவிட்டு, அலங்காரங்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்தாள். ஜன்னலை மூடும்போது என்ன நடக்க வேண்டும் என்று கேட்கும் இடத்துக்குப் போனாள். இதுவரை மூடினால் மங்கி மறையும், அவ்வளவுதான். தேர்ந்தெடுக்க இன்னும் நிறைய இருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஜோதிகா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆத்தீ, கண்ணாடி மாதிரி ஒடையுதே! இதையே வைடி."

"ஒடைஞ்சா கண்ணேறு கழிஞ்சிருச்சும்பாய்ங்க. சந்தோசப்பட்டுப் போயிருவாய்ங்க."

"அந்தா, காயிதத்துல செஞ்ச ஏரோப்ளேன் மாதிரி மடங்கிப் பறக்குதே, அது?"

"ஆர்டர் ஏர்ல போகுதும்பாரு மொதலாளி. கப்பல்ல அனுப்ப நேரமில்லாம ஃபிளைட்ல அனுப்புனா நட்டம்னு கொஞ்சம் வயித்தப் பிடிப்பாரு. அப்புறம் சிரிச்சிருவாரு. யாரும் சிரிக்கக் கூடாது ஜோதி."

அடுத்தது நெருப்பு. வெற்று ஜன்னல் ஒன்றைத் திறந்து மூடினாள். கீழ்விளிம்பில் ஆரஞ்சு நிறத்தில் பற்றி, நாக்கு நாக்காக மேலே ஏறி, ஜன்னலைத் தின்று தீர்த்தது. ஜோதிகா ஒரு அடி பின்னால் போனாள்.

"வேணாம்டி. பூசையன்னைக்கு."

"எரியுறது வெறும் படந்தான். ஆர்டருக்கு ஒண்ணும் ஆகாது."

"அது உனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுல்ல?" என்றாள் அனுசுயா. அதுதான் கணக்கு. இன்னொன்றும் அந்தக் கணக்கில் இருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக எல்லாரிடமும் "நான் போட்டது" என்று சொன்னவன், நாளைக்கு எந்த வாயால் இல்லை என்பான்? அவனே கட்டிக்கொண்ட கயிறு. இறுக்குகிற வேலை மட்டும்தான் பாக்கி.

எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்கு ஒரு கோடு இருந்தது. அதைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தாள். பிறகு பக்கத்தை மூடி, நாலு மானிட்டரையும் பளிச்சென்று துடைத்து, நடுவில் அழகாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு. அதற்குள் பூஜையை முடிக்க வேண்டுமென்று முதலாளி ஒன்பதரைக்கே வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று, மாவிலை. சரஸ்வதி படத்துக்கு முன்னால் பொரி, கடலை, சுண்டல். டெய்லர்கள், செக்கிங் பெண்கள், பேக்கிங்கில் இருக்கும் பீகார் பையன்கள் என்று ஹால் நிறைந்திருந்தது. டிவியில் போலந்து ஆர்டர் பெரிதாகத் தெரிந்தது. சதீஷ்குமார் புதுச் சட்டையில் மவுஸ் பக்கத்தில் நின்றான்.

தாளின் தலைப்பில் ராமாத்தாள் இருந்தார். காதில் தோடு, நெற்றியில் திருநீறு. அனுசுயாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்று வெற்று ஜன்னலை எரித்துப் பார்த்தபோது இந்த முகத்தை அவள் நினைக்கவேயில்லை. அந்த அம்மாள் அவளுக்கு ஒன்றும் செய்தவர் இல்லை. இப்போதுகூட ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடலாம். அதற்குள் சதீஷ்குமார் கூட்டத்தைப் பார்த்து ஜன்னலைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினான். ராமாத்தாள் நெளிந்தார். பீகார் பையன்கள் விசிலடித்தார்கள். அவன் அதை வாங்கிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தான். அனுசுயா வாயை மூடிக்கொண்டாள்.

சூடம் காட்டியாயிற்று. மணி அடித்தது. முதலாளி கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மூடு சதீசு" என்றார்.

சதீஷ்குமார் மூடினான்.

கீழே, ஆர்டரின் கடைசி வரியில் நெருப்புப் பிடித்தது. கையெழுத்து எரிந்தது. டெலிவரி தேதி எரிந்தது. சைஸ் வாரியாகப் போட்டிருந்த எண்ணிக்கை எல்லாம் எரிந்தது. நேற்று தனியாக எரிந்தபோது நன்றாகத்தான் எரிந்தது. இன்றைக்குப் பெரிய டிவியும் சேர்ந்துகொண்டதால், அந்தப் பழைய பெட்டி இரண்டு திரைக்குத் தீ மூட்ட வேண்டியிருந்தது. அது திணறியது. ராமாத்தாளின் தாடை வரை ஏறிய நெருப்பு அங்கேயே நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, அணையவும் இல்லை.

"அரே, ஆக் லக் கயீ!" என்று பேக்கிங் பக்கமிருந்து ஒரு கத்தல். தீப்பிடித்துவிட்டது என்று இந்தியில்.

இங்கேதான் ஒரு காரியம் நடந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் வெளிநாட்டுக்காரர்களின் ஆடிட்டுக்காக அடிக்கடி தீ ஒத்திகை நடக்கும். தீ என்ற சத்தம் கேட்டால் என்ன செய்வது என்று கைகாலுக்கே மனப்பாடம். ஒருத்தன் அலாரத்தை அழுத்திவிட்டான். அயர்னிங் செக்‌ஷன் வீரணன் தீயணைப்புக் குழுவில் இருப்பவர். ஒத்திகையில் தீயணைக்கும் பொடி நிரப்பிய சிலிண்டரைத் தூக்கவிடுவார்களே தவிர, பின்னைப் பிடுங்க விட்டதில்லை. அந்தக் குறை அவருக்கு ரொம்ப நாளாக உண்டு. இன்றைக்குப் பிடுங்கினார்.

டிவி வெள்ளையானது. சரஸ்வதி வெள்ளையானார். பொரி, சுண்டல், சூடத் தட்டு, முதலாளியின் மீசை எல்லாம் மாவு பூசினது போல ஆனது. ஜனம் வரிசை கட்டி, யாரையும் தள்ளாமல், பழக்கப்படுத்தியபடி வெளியே போய், பச்சை போர்டு வைத்திருக்கும் பார்க்கிங் இடத்தில் நின்றது. வீரணன் இருமிக்கொண்டே ஆட்களை எண்ணினார். எண்ணி முடிக்காமல் உள்ளே போகக் கூடாது, அது விதி. எண்ணிக்கை இரண்டு தடவை தப்பியது. மூன்றாவது தடவை சரியாக வந்தபோது பத்து முப்பத்திரண்டு.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம் பிறந்துவிட்டது, இனி மறுபடி சூடம் காட்ட முடியாது. அவர் சதீஷ்குமாரின் முன்னால் வந்து நின்றார்.

"என்றா இது?"

"மாமா, அது சும்மா எஃபெக்டுங்க. ஆர்டர் பத்திரமா உள்ளதான் இருக்குதுங்க. எரிஞ்சது வெறும் படமுங்க."

"என்ற ஆத்தா படம்டா."

"இல்லீங்க மாமா, நான் என்ன சொல்றன்னா…"

"பூசையன்னைக்கு என்ற ஆத்தா மூஞ்சில கொள்ளி வெச்சிருக்கறே. எதுக்குடா போட்டே?"

"நான் போடலீங்க மாமா."

"நீ போடலயா? வர்றவன் போறவனுக்கெல்லாம் நான் போட்டேன் நான் போட்டேன்னு ஆட்டி ஆட்டிக் காட்டுனயே. இப்பக்கூடக் காட்டுனயே!"

பார்க்கிங்கில் இருந்த எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சதீஷ்குமாரின் கண் கூட்டத்தில் தேடி, அனுசுயாவின் மேல் நின்றது. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அனுசுயாதானுங்க மாமா. ஆரம்பத்துல இருந்து அல்லாமே அவ போட்டதுதானுங்க. லினக்ஸு, ஆட்டம், புகை, அல்லாமே. எனக்கு அதுல ஒண்ணுந் தெரியாதுங்க. நான் சும்மா சொல்லிட்டுத் திரிஞ்சனுங்க."

எந்த வாக்கியத்துக்காகப் பதினான்கு மாதம் காத்திருந்தாளோ, அது கடைசியில் அவன் வாயிலிருந்தே, அத்தனை பேர் காதிலும் விழும்படி வந்துவிட்டது. ஜோதிகா அவள் முழங்கையைக் கிள்ளினாள். முதலாளி திரும்பினார். மாவு படிந்த இமையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"நெசமா கண்ணு? நீ போட்டதா?"

அனுசுயா கணக்குப் போட்டாள். ஆமாம் என்றால், பேர் திரும்பிவிடும். நெருப்பு மட்டும் எப்படி வந்ததென்று தெரியவில்லை என்று சமாளித்துப் பார்க்கலாம். ஒருவேளை நாற்காலிகூடக் கிடைக்கும். ஆனால் ஆமாம் என்ற அந்த ஒரு சொல்லோடு சதீஷ்குமார் தப்பித்துவிடுவான். அறியாப் பையன், பொய் சொல்லிப் பெருமையடித்தான், அவ்வளவுதான் என்று ஆகிவிடும். மத்தியானம் மாமன் வீட்டில் விருந்து சாப்பிடுவான். இல்லை என்றால், பேர் போனது போனதுதான். இனிமேல் யாரிடமும், எந்தக் காலத்திலும், அது நான் பண்ணுனது என்று சொல்ல முடியாது.

சதீஷ்குமார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு மெதுவாக, "ப்ளீஸ்" என்றது.

அதுவரை இருந்த கொஞ்சநஞ்சக் குழப்பமும் அவளுக்கு அதோடு தீர்ந்தது.

"இல்லீங்கய்யா" என்றாள். "நான் செக்கிங்ல நிக்கிறவ. எனக்கு இதெல்லாம் என்னங்கய்யா தெரியும்? சதீஷ் சார்தான எல்லாம் போட்டாரு. போலந்துக்காரங்ககிட்டச் சொன்னாரே, அன்னைக்கு நீங்களும் இருந்தீங்களே."

நாச்சிமுத்து சதீஷ்குமாரின் பக்கம் திரும்பினார். பிறகு கையை நீட்டினார்.

"டிசைன் ரூம் சாவியக் குடு."

"மாமா…"

"குடுடா. பொய்யச் சொல்லி, அதையும் ஒரு பொண்ணு மேல தூக்கிப் போடற. நாளைக்கிருந்து அருள்புரம் குடோனுக்குப் போ. அங்க மூட்டையை எண்ணு. என்ற கண்ணு முன்னால வராத."

சதீஷ்குமார் சாவியைக் கொடுத்தான். தலை தானாகக் குனிந்தது. புதுச் சட்டையின் காலரில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. அனுசுயா கண் இமைக்காமல் பார்த்தாள். அவன் கேட்டைத் தாண்டி, பைக்கை ஸ்டார்ட் செய்ய இரண்டு மூன்று தடவை உதைத்து, தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்தாள். நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நல்ல பசியும் எடுத்தது.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்துபோகும்போது ஜோதிகா பொறுக்க மாட்டாமல் கேட்டாள்.

"ஏன்டி, கேட்டது தன்னால வந்து வாயில விழுந்துச்சே. அதத் துப்பிட்டயே, கிறுக்கி!"

"அவன் கையால ஊட்டுறத நான் எதுக்குத் திங்கணும்?"

"உன் வேலை உன் பேர்ல வந்திருக்கும்ல?"

"வந்திருக்கும்."

"பெறகு?"

"அவனும் உள்ளயே இருந்திருப்பான்."

ஜோதிகா தலையில் அடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீரண அண்ணன் அந்தச் சிலிண்டரைப் பிடிச்ச பிடி இருக்கே!" என்று ஆரம்பித்து, நடுரோட்டில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அனுசுயாவும் சிரித்தாள். ராமாத்தாளின் தாடையில் நின்றுபோன நெருப்பு ஒரு தரம் நினைவுக்கு வந்தது. அதை மட்டும் ஜோதிகாவிடம் சொல்லவில்லை.

மறுநாள், விஜயதசமி காலை, முதலாளி வெளியிலிருந்து ஒரு சர்வீஸ்காரரை வரவழைத்தார். ராமாத்தாளின் படத்துக்குப் பரிகாரமாகப் பால் அபிஷேகம் செய்து, அந்தப் பாலை டிசைன் ரூம் வாசலில் தெளித்தார்கள். அதன் பிறகே சர்வீஸ்காரர் உள்ளே போனார். நாலு கம்ப்யூட்டரிலும் இருந்ததை அடியோடு அழித்துவிட்டு, பில்லோடு வாங்கிய விண்டோஸைப் போட்டார். ஆடுவது, புகைவது, எரிவது எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கும்படி முதலாளி பக்கத்திலேயே நின்று சொன்னார். இப்போது அங்கே ஜன்னல் திறந்தால் திறக்கிறது, மூடினால் மூடுகிறது. சாவி கிருத்திகாவிடம் இருக்கிறது.

போலந்து ஆர்டரின் முதல் லாட் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு செக்கிங்குக்கு வருகிறது. அனுசுயாவுக்கு மூன்றாம் டேபிள்.